இலை இல்லாத பிப்ரவரி

கைப்பேசியில் பேசிக்கொண்டே நடக்கிற விதோசவா சட்டென்று நின்று அரையடி பின்வாங்குவார். "இப்பக் கேக்குதா?" என்பார். கேட்கும். நீஷ் நகரத்தில் தெரிந்தவர் யாராவது கைப்பேசியை உதறினால் போதும், ஓடி வந்துவிடுவார். "உதறாதீங்கப்பா, அரையடி தள்ளி நில்லுங்க. அலைங்க ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிற எடத்துல நிக்கிறீங்க."

சிக்னல் எங்கே மங்கும், எங்கே பிழைக்கும் என்று கணினிக்குள் பொய்யாக ஒரு பள்ளத்தாக்கை எழுப்பிப் பார்ப்பதுதான் அவர் தொழில். மலையிலும் பாறையிலும் கூரையிலும் அலை முட்டிமோதி வருகிற கணக்கைப் போட்டு, இல்லாத கைப்பேசிகளை அதற்குள் நடக்கவிடுவார். அதைப் பார்க்க உட்கார்ந்தால் அடுப்பில் வைத்த காபி பொங்கி வழியும். துடைப்பது கணவர். "உன் பொய்ப் போன்காரங்களுக்கும் ஒரு கப் ஊத்தவா?" என்பார்.

மலைமேல் ஒரு கிராமத்துக்கு டவர் வைத்தது அவர் கணக்கை நம்பித்தான். அளவெடுக்கப் போனது பிப்ரவரியில். ஓக் மரங்கள் மொட்டையாக நின்றன. அந்த மொட்டைக் காட்டையே வருடம் முழுவதற்கும் கணினியில் ஏற்றிவிட்டார். மே மாதம் காடு தழைத்ததும் இலைகள் அலையை விழுங்க, ஊரே ஊமையானது. காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊரார் தங்கள் கைப்பேசிகளைத் திட்டினார்கள். டவர் கொண்டுவந்த மகராசி என்று அவருக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினார்கள். அதைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்த ஊர்க்காரி ஸ்தமேனா நீஷ் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை போடும் வரிசைப் பக்கமே போகமாட்டார்.

ஒரு சனிக்கிழமை ஸ்தமேனாவே ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கையிலிருந்த பாலாடைக்கட்டியை விதோசவாவின் பையில் திணித்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, கண்ணுலயே பட மாட்டேங்குறீங்க? நல்ல போனா ஒண்ணு சொல்லுங்க. போன கோடையில எங்க வீட்டுக்காரரு வாதம் வந்து விழுந்தப்ப இந்தச் சனியன் வேலை செய்யல. ஆள் தேடி ரோடு வரைக்கும் ஓடுனேன்."

"பொழைச்சாரா?"

"பொழைச்சாரு. வலது கைதான் வரல. மறுபடி வந்தா ஒடனே கூப்பிடணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. கோடை வருதே, அதான் பயமா இருக்கு."

ஏதோ ஒரு கைப்பேசியின் பெயரைச் சொல்லி விதோசவா தப்பித்திருக்கலாம்.

"போன் மேல தப்பில்லக்கா. என் மேலதான். எலை உதிர்ந்த காலத்துல வந்து அளந்தேன். நீங்க எந்தப் போனை வாங்கினாலும் கோடையில சிக்னல் எடுக்காது. எனக்கு மொத வருசமே தெரியும். சொல்லல."

"தெரிஞ்சேவா?"

விதோசவா தலையாட்டினார். ஸ்தமேனா தான் திணித்த பாலாடைக்கட்டியைத் திரும்ப எடுக்கப் பையை நோக்கிக் கையை நீட்டினார். விதோசவா அதன் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.