ஒன்பதாம் எண்ணின் தோள்பட்டை

எங்கள் கால்பந்து அணியில் புள்ளி என்றால்தான் அவரைத் தெரியும். பெயரைச் சொன்னால் வாசல் காவலாளியே "அப்படி யாரும் இல்லீங்களே" என்பார். ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து, யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார், எங்கிருந்து கோலுக்கு அடித்தார் என்று கட்டம் போட்டு எழுதுவது அவர் வேலை. வீரர்களின் துணிகளைத் துவைப்பது என் வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினொரு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் காதாலேயே பார்த்துத் தீர்த்திருக்கிறேன்.

நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் உயிர் போய்விடும். டீ எப்படி என்று கேட்டால், "முந்தாநாள் சூடு சரியா இருந்துச்சு, நேத்து சக்கரை கம்மி" என்று தொடங்குவார். இன்றைய டீக்கு வருவதற்குள் அது ஆறிவிடும். அவர் மனைவி ஒருமுறை போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு கேட்டா, மூணு நாள் சூட்டையும் வரிசையா சொல்றாரு அக்கா. இப்ப எவ்வளவுன்னா, இரு, வர்றேங்கிறாரு."

அந்தப் புதன்கிழமை காலை கிளப் தலைவரின் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்து கோல். அத்தனையும் இடது ஓரத்தில் ஓடும் சில்லு போட்டவை. ஒன்பதாம் எண் சட்டையில் நடுவில் ஆடும் நெட்டை ஒன்றுகூடப் போடவில்லை. அவனுடைய ஒப்பந்தம் வெள்ளியோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? முன்வரிசை எப்படி ஆடுகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி மாலைக்குள் தர வேண்டும். நெட்டைக்கு முப்பத்திரண்டு வயது. இங்கே கைவிட்டால் வேறு எந்த அணியும் அவனைச் சீண்டாது.

மதியம் வரை தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே பதினைந்து விநாடிக் கூச்சல் திரும்பத் திரும்பக் கேட்டது. பொறுக்க முடியாமல் ஈரக் கையோடு போய் நின்றேன்.

"அந்த ஒரு கோல சில்லு இன்னும் எத்தன தடவ போடுவான் தம்பி?"

"நெட்டையத் தேடுறேன் அக்கா. தொண்ணூறு நிமிஷத்துல பதினொரு தடவதான் பந்தத் தொட்டிருக்கான். நம்ம கோல்கீப்பரே முப்பது தடவ தொட்டிருக்காரு."

"அவன் சட்டையப் பாத்தீங்களா?"

"சட்டையா?"

"ஒவ்வொரு வாரமும் ரெண்டு தோளும் பிரிஞ்சு வருது. நான்தான் தைக்கிறேன். வேற யாரோடதும் அப்படி வர்றதில்ல."

"அக்கா, துணிய வெச்சு ஆட்டத்த எடை போட முடியுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டையைக் கொண்டுவந்து அவருடைய அட்டவணைக்கு மேலேயே போட்டேன்.

"ஒருத்தன் இழுத்தா ஒரு பக்கம் பிரியும். ரெண்டு பக்கமும் பிரிஞ்சா எத்தன பேரு? உங்களுக்குத்தான் கணக்கு வருமே! 'இறுக்கித் தைங்க அக்கா, அடுத்த வாரம் இன்னும் பலமா இழுப்பானுங்க'ன்னு அவனே வந்து சொன்னான்."

அவர் தையலைத் தடவிப் பார்த்தார். வீடியோவை மறுபடி ஓட்டினார். எங்கள் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாதவன் படத்தில் இல்லை. ஆனால் கோலுக்குச் சற்று முன், திரையின் ஓரத்தில் ஒரே ஒரு நொடி நெட்டை தெரிந்தான். எதிரணித் தடுப்பாளர்கள் இருவர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தொங்கினார்கள். இந்தப் பக்கம் சில்லு அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி தனியாக ஓடிக்கொண்டிருந்தான். மற்ற நாலு கோல்களையும் ஓட்டினார். மூன்றில் அதே கதை.

"ஐயோ அக்கா! இவன்ல கதவத் தொறந்து விட்டிருக்கான்!"

"அத எழுதுங்க மொதல்ல."

"எழுதுறேன் அக்கா. சத்தியமா."

வெள்ளிக்கிழமை நெட்டை தன் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். "அனுப்பிட்டாங்க அக்கா," என்றான். தைத்து வைத்திருந்த சட்டையை நீட்டினேன். அது அணியுடையது என்று வாங்க மறுத்துவிட்டான்.

நேரே புள்ளியின் அறைக்குப் போனேன்.

"என்னத்த எழுதிக் கிழிச்சீங்க?"

பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தவர் நகலை நீட்டினார். முதல் பக்கம் முழுக்க அட்டவணை. நெட்டைக்கு நேரே தொட்டது பதினொன்று, அடித்தது பூஜ்யம், கோல் பூஜ்யம். இரண்டாம் பக்கத்தில் 'குறிப்பு' என்று போட்டு, அந்த இரண்டு தடுப்பாளர்களைப் பற்றி நாலு வரி. தலைவர் கேட்டது ஒரு பக்கம். அவருடைய உதவியாளர் ஒரு பக்கத்தைத்தான் உள்ளே கொண்டுபோயிருக்கிறார்.

"அட்டவணை இல்லாம எப்படி அக்கா ஆரம்பிக்கிறது?"

ஒரு மனுஷன் பிழைப்பு, அதை இவர் பின்பக்கத்தில் குறிப்பாகச் சொருகி வைத்திருக்கிறார்! "இப்பவாவது ஓடிப் போய் வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்தினேன். ஓடினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். அவனை அனுப்பும் தாளில் கையெழுத்தாகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒன்பதாம் எண்ணில் புது ஆள். நான் மைதானப் பக்கமே போகவில்லை. மாலையில் துணிக்கூடை வந்தது. ஒன்பதாம் எண் சட்டையை எடுத்து உதறினேன். வியர்வை மட்டும்தான், ஒரு தையல்கூட நெகிழவில்லை. அதற்கு அடியில் சில்லுவின் சட்டை கிடந்தது. இரண்டு தோளும் பிரிந்திருந்தன.

புள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் பேனா இல்லை, தாள் இல்லை.

"தப்பு என்னுது அக்கா," என்றார். "இன்னிக்கு ஒரு கோல்கூட இல்ல."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. பதினொரு வருடத்தில் அவர் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னது அன்றுதான். புதன்கிழமை இப்படிச் சொல்லத் தெரியாமல் போச்சே என்று வாய்வரை வந்தது. சில்லுவின் சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நூலைத் தேடினேன்.