கோரை பிடித்திருந்த கரை

அப்பாவின் சமாதி, மூடிப்போன ரப்பர் தோட்டத்து இடுகாட்டில், சதுப்புக் குளத்தை ஒட்டி இருக்கிறது. சமாதிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆள் உயரக் கோரை. தண்டைத் தடவினால் மூன்று பட்டை தெரியும். உச்சியில் பழுப்புப் பூ. எனக்கு அது வெறும் புதர்.

தீபாவளிக்கு முன்னால் சமாதியைச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் புதரைக் கண்டாலே கை களைக்கொல்லி மருந்து பம்பைத் தேடும். அப்பாவே புல்லுக்கு மருந்தடித்துத்தான் எங்களை வளர்த்தார். போன வருடம் அக்கா கத்தியோடு வந்து, "சுத்தி மட்டும் வெட்டுனா போதும்லா" என்றாள். நான் கேட்டால்தானே! பம்பை முதுகில் மாட்டி, தண்ணீர் விளிம்புவரை அடித்துத் தீர்த்தேன். கோரை கருகிச் சாய்ந்ததும், "பாத்தியா, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!" என்று பெருமை வேறு.

பிறகு மழைக்காலம். செத்த வேர் அழுகி, கரை சரிந்து சரிந்து விழுந்தது.

ஜெலாப்பாங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொழிற்சாலையின் தகரக் கூரையில் மழை விழுந்தால் எனக்கு வேலையே ஓடாது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நேரே இடுகாடு. சமாதிக்கும் தண்ணீருக்கும் இடையே காலடி வைத்து அளப்பேன். முதலில் ஆறு. அப்புறம் ஐந்து. போன வாரம் மூன்றுதான். நான் மருந்தடிக்காத எதிர்க்கரையில் கோரை அடர்ந்து நின்றது. அங்கே ஒரு பிடி மண்கூட நகரவில்லை. அப்போதுதான் உறைத்தது. பெற்ற அப்பனை நானே குளத்தில் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்க்கரையிலிருந்து கோரையைக் கிழங்கோடு பெயர்த்தோம்.

"மெதுவா தோண்டுடா, கெழங்கு அறுந்துரும். மருந்தடிக்கிறப்ப இருந்த அவசரம் இன்னும் போவல உனக்கு" என்றாள். நான் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினேன்.

சமாதிப் பக்கத்துக் கரையில் பாதி நடும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறலும் விழுந்தது.

"அக்கா, நீ போய் ஒதுங்கு. நான் வாரேன்."

மழை வலுத்தது. நட்டது மிதக்கப் பார்த்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, கோரையை இரண்டு கையாலும் சேற்றோடு அழுத்திப் பிடித்தேன். ஒதுங்கப் போன அக்கா திரும்பி வந்து, பக்கத்தில் இறங்கி, அடுத்த கோரைக் குத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று வாய்விட்டே சொன்னேன். "வேர் பிடிச்சிரும்."