கடைசி லயத்து இருமல்

தகரத்தை இரண்டு தட்டு தட்டினேன். உள்ளே இருமினார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கக்கூஸ் வாளி எடுக்கிற வேலையில் பாதி, இப்படி நிற்பதுதான்.

பதில்

பின்பக்கத் தகரக் கதவைத் திறந்து வாளியை உருவ வேண்டும். அதற்கு முன் தட்ட வேண்டும். ஆள் இருந்தால் இருமுவார்கள். மலாயாவின் அந்த ரப்பர்த் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் அந்த இருமல்தான். எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இதுபோன்ற வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்து முத்தையா, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவன், இருமிவிட்டுப் பேசவும் செய்வான். சாப்பிட்டாயா என்று உள்ளிருந்தபடியே கேட்பான். கேட்கிற இடமா இது என்றேன். "வேற எங்கண்ணே உன்னைப் புடிக்கிறது? நீ நிக்கிற எடம் இதுதானே."

என்னை விட்டுவைத்த காரணம்

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை போய்விட்டான். வாளிகளைக் கொட்டும் குழிகளுக்குச் சுண்ணாம்பு வருவது நின்றது. ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துச் சாம்பலைக் கொட்டிக் குழிகளை மூடினேன். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஆள் ஏற்றிப்போன ஒவ்வொரு லாரிக்குப் பிறகும் என் தோளில் சுமை குறைந்தது. கடைசி லயத்தில் முத்தையாவும் அவன் மனைவி அஞ்சலையும்தான் மிச்சம்.

என்னையும் கொண்டுபோவார்களா என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியாரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உன்னை அனுப்பிப்போட்டு நான் எங்கையடா போறது?"

மரவள்ளி

மூடிய குழிகளின் மேல் மரவள்ளி நட்டிருந்தேன். கிழங்கு தொடையளவு விளைந்தது; ஒருவரும் சீண்டவில்லை. அரிசி அற்றுப்போன நாளில் அஞ்சலை வந்தாள். அடுத்த லாரியில் முத்தையா போக வேண்டுமாம். பகலெல்லாம் காட்டோரம் பதுங்கிக் கிடக்கிறான், வயிறு காய்கிறது என்றாள். பிடுங்கிக் கொடுத்தேன். மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்க வெளஞ்சதுன்னு அவருகிட்ட சொல்லிடாதண்ணே. நானும் மறந்துடுறேன்."

லாரி வந்த நாள்

லாரிச் சத்தம் எதிர்பாராமல் கேட்டது. காட்டுக்கு ஓட நேரமில்லாமல் முத்தையா கடைசிக் கக்கூஸுக்குள் புகுந்ததைப் பார்த்தேன். ஒரு ஜப்பான் சிப்பாயும் கிராணியாரும் வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். சிப்பாய் அந்தக் கதவைக் காட்டினான். நான் பின்பக்கம் போய்த் தகரத்தில் கை வைத்தேன். தட்டினால் முத்தையா இருமிவிடுவான்; பழக்கம் அப்படி.

தட்டாமல் திறந்து, வாளியை உருவி, சிப்பாய் நின்ற பக்கமாகத் தூக்கி வந்தேன். கொஞ்சம் சிந்தியது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். உள்ளே ஆள் இருந்தால் இவன் வாளி எடுக்கமாட்டான் என்று கிராணியார் அவனிடம் மலாய் மொழியில் சொன்னார். சிப்பாய் முன்னால் நடந்ததும், என் முகத்தைப் பாராமல் கேட்டார்: "என்னடா, இண்டைக்குத் தட்டேல்லை?"

பிறகு

இருட்டும் முன்பே முத்தையாவும் அஞ்சலையும் கடலோரத்துப் போர்டிக்சன் பக்கம் நடந்துவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அதுதான் நல்லது. தோட்டத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆளைத் தப்பவைத்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு காலி வாளி.

மறுநாள் கடைசிக் கக்கூஸின் தகரத்தை இரண்டு தட்டு தட்டினேன். ஓர் இருமலுக்கு ஆகிற நேரம் நின்றுவிட்டு, கதவைத் திறந்து வாளியில் சாம்பல் தூவினேன்.