கேக்கல அக்கா

நிகழ்ச்சி தொடங்கும் முன், அக்கா முதலில் டிவி நிலையத்து ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். அப்புறம் இடுப்பில் செருகியிருக்கும் வீட்டுச் சாவியை எடுத்து, ஃப்ரிட்ஜுக்குள் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்துவார். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள். அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டதோ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணாலேயே கேட்பார்கள்.

மறையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடினால் அதன் முனகல் மைக்கில் ஏறும். அதனால் நிகழ்ச்சி முடியும்வரை அதற்கு விடுமுறை. முடிந்த பிறகு திரும்ப மாட்ட மறந்துவிட்டால் பால் கெட்டுப்போகும். அதற்குத்தான் சாவி. அதை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிளக் ஞாபகம் வரும்; சாவி இல்லாமல் அக்கா வீட்டுக்குள் நுழைய முடியாது. கதவைத் தட்டினால் உள்ளே இருக்கும் அவருடைய வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. "பால் கெட்டா தாடி சார் ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அந்தக் கண்றாவியப் பாக்கறதுக்கு இது தேவலை" என்பார். சாவியைச் சில்லென்று கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெண்மணி இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சலவைக் கடைக்கு மேலே உள்ள மாடி அறைதான் நிலையம். ஊர்க்காரர்கள் தாங்களே நடத்துகிற தொலைக்காட்சி. கேபிளில் எல்லாச் சேனல்களும் முடிந்த பிறகு, கடைசியில் வரும். யார் வேண்டுமானாலும் படியேறி வரலாம், அரை மணி நேரம் பேசலாம், பாடலாம், புலம்பலாம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தாடி சார் ஆரம்பித்தது. கேமராவுக்குப் பின்னால் இன்றைக்கும் அவர்தான் நிற்கிறார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு அக்கா. பேசுகிறவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் போதும், உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வரும்: "கேக்கல!" நகரசபைத் தலைவருக்கும் அதே அதட்டல்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அதே அதட்டல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் போய், கேக்கல அக்கா என்பதே நிலைத்துவிட்டது.

அக்கா இங்கே வேலை தேடி வரவில்லை, சண்டை போட வந்தார். அவருடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் பெரிய மிஷின் ஓட்டியவர். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லி அக்கா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். மனிதர் மசியவில்லை. "அப்ப சொன்னேன், கேக்கல. இப்ப சொல்றேன், கேக்கல. ரெண்டும் ஒரே கேக்கலதான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த நாட்களில் சிரிப்பு வந்ததா என்பது வேறு விஷயம். மிஷினை விட்டு வீட்டோடு வந்தவருக்குக் காதும் போய், முழங்காலும் மடங்காமல் போனது. பார்க்க வருகிறவர்கள் ஓரிரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பெண்டாட்டியும் எவ்வளவுதான் கத்துவாள்? கத்திச் சொன்னால் பாசமான வார்த்தைகூடச் சண்டை மாதிரித்தான் இருக்கிறது. "'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா எதிர் வீட்ல ஜன்னலச் சாத்தறாங்க" என்பார் அக்கா. கடைசியில் இரண்டு பேரும் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் நிலையம் புதிதாக நகரசபைக் கூட்டத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரர் டிவியில் மூக்கை உரசாத குறையாக உட்கார்ந்திருப்பார். வாய்கள் அசையும், ஒன்றும் கேட்காது. நல்ல காது உள்ளவர்களுக்கே கேட்காத லட்சணத்தில்தான் அன்றைய ஒலி இருந்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அக்கா படியேறி வந்து, "ஏன் சார், ஊமைப் படமா காட்டறீங்க?" என்று ஒரு பிடி பிடித்தார். தாடி சார் ஹெட்போனைக் கழற்றி நீட்டி, "நீங்களே கேட்டு சரி பண்ணுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அன்றைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.

எதிரொலி அடங்கட்டும் என்று வீட்டிலிருந்த பழைய கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டார். கீழே சலவைக்காரரிடம் பேசி, நிகழ்ச்சி நேரத்தில் துணி உலர்த்தும் மிஷினை நிறுத்த வைத்தார். நிலையத்தின் ஒரே போனில் மணியைக் கழற்றிவிட்டு, ரிங் வரும்போதெல்லாம் மினுக்குகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்தச் சொன்னார். அது வீட்டுக்காரருக்காக. டிவியில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் அவர், நிகழ்ச்சி தொடங்கியதும் வீட்டிலிருந்து போன் போடுவார். விளக்கு ஒரு தரம் மினுக்கி நின்றால் 'கேக்குது'. இரண்டு தரம் மினுக்கினால் 'கேக்கல', சத்தத்தைக் கூட்டு. அவருக்குக் கேட்டால் ஊருக்கே கேட்கும் என்பது அக்காவின் கணக்கு. நிகழ்ச்சி நடக்கும்போது எடுத்துப் பேச ஆளில்லை என்பதால் வேறு யாரும் போன் செய்வதில்லை. விளக்கு விஷயம் ஊருக்கே தெரியும்.

அப்படித்தான் நிலையம் வளர்ந்தது. முடிதிருத்துகிறவர் வந்து பொடுகைப் பற்றிப் பேசினார். நர்ஸம்மா வந்து இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லித் தந்தார். குழாய் உடைந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் வராது என்று நகரசபை சொல்வதற்கு முன்னால் இங்கே சொல்லிவிடுவார்கள். காணாமல் போன நாய்களுக்கென்றே வாரம் ஒரு நிகழ்ச்சி. அதில் பாதி நாய்கள் கிடைத்தும் விட்டன. இத்தனையையும் வீட்டுக்காரர் காது குளிரக் கேட்டுவிட்டு, அக்கா வீடு திரும்பியதும் ஒன்று விடாமல் சொல்வார். "தையல்காரர் பொண்ணு பாஸாம்டி! தெரியுமா உனக்கு?" தெரியாமல் என்ன, அந்தப் பெண்ணை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்ததே அக்காதான். ஆனாலும் கன்னத்தில் கை வைத்து, "அடடே, அப்படியா!" என்பார். கத்த வேண்டியதில்லை, அந்த முகத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும். வற்றிப்போயிருந்த பேச்சு அந்த வீட்டில் மறுபடி ஊறியது இப்படித்தான். "இந்தச் சேனலுக்கு நான் கோயில் கட்டணும்" என்று அக்கா சொல்வதை விளையாட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன மாதம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. அந்தக் கடைசி இடத்தில் சாமான் விற்கிற சேனல் ஒன்றைப் போடப்போவதாகக் கேபிள் கம்பெனி சொல்லி அனுப்பியது. "அத எங்க ஜனங்களுக்கு நேராச் சொல்லிட்டுப் போங்க" என்று தாடி சார் அழைத்தார். அதிகாரியும் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் பூனை நடக்கிற மாதிரிப் பேச்சு. நேரடி ஒளிபரப்பு. அக்கா வழக்கம்போலச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்தார். கவனம் சிதறியதில் பால் பாக்கெட்டைத் தட்டிவிட்டார். சேனல் போய்விட்டால் நாளைக்கு அந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதே நினைப்பாக இருந்தது.

அதிகாரி கம்பெனியின் கஷ்டங்களைச் சொன்னார். சொல்லி முடித்து, மேஜையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல!" என்றார் அக்கா. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதிகாரி தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். குரலை உயர்த்தி, எழுத்து எழுத்தாகச் சொன்னார். "இந்தச் சேனல் வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்ககிட்ட கேக்கலைங்க!"

அந்த வார்த்தை கணீரென்று ஊர் முழுக்கப் போனது.

சிவப்பு விளக்கு மினுக்கியது. மறுபடி மினுக்கியது. சரி, வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை என்று அக்கா ஒலியைக் கூட்டினார். விளக்கு நிற்கவில்லை. இன்னும் கூட்டினார். பாவம் அந்த அதிகாரி, இருமியதுகூட வீடுகளில் இடி மாதிரி விழுந்திருக்கும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டுக்கு மேல் மினுக்கினால் என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. மனிதர் விழுந்துவிட்டாரா? நிகழ்ச்சி நடுவில் போனை எடுக்காத அக்கா, அன்றைக்கு எடுத்துவிட்டார்.

"என்னங்க? என்னாச்சு? கேக்கலையா?"

மறுமுனையில் ஒரு பெண் குரல். "நல்லாக் கேக்குதுக்கா! நாங்கதான் கேக்கறோம். சேனல் வேணும்னு கேக்கறோம். அந்த சார்கிட்டச் சொல்லுங்க!"

அவர் வைத்ததும் விளக்கு மறுபடி மினுக்கியது. நர்ஸம்மா. அப்புறம் முடிதிருத்துகிறவர். அப்புறம் காணாமல் போன நாய் திரும்பக் கிடைத்தவர், பின்னணியில் அந்த நாயும் தன் பங்குக்குக் கேட்டது. அக்கா போனை வயரோடு இழுத்து வந்து மேஜை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். அதிகாரி முதலில் திகைத்தார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சாமி, இனிமே யாரும் கேக்கலன்னு நான் வாயத் திறந்து சொல்லவே முடியாது" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே மேலிடத்துக்குப் பேசினார். சாமான் சேனலுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இடைவேளையில் தாகத்துக்குக் கேட்ட அதிகாரிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்த தண்ணீரில், அது நெடுநேரம் நின்றுகிடந்ததால், குளிர்ச்சியே இல்லை. அதையும் மறுக்காமல் குடித்தார்.

ஊரெல்லாம் கேட்டாகிவிட்டது. ஆனால் இத்தனை போனில் வீட்டுக்காரருடையது ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

"அக்கா, நீங்க வந்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார் தாடி சார். மைக்குக்கு முன்னால் எத்தனையோ பேரை உட்கார வைத்த நாற்காலி, அக்கா அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஜை மைக்கைப் பார்த்தார், யாரையோ புதிதாகப் பார்ப்பது போல.

"எல்லாருக்கும்..." குரல் தாழ்ந்துபோனது.

தாடி சாருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "கேக்கல!" என்று கத்தினார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. நீங்க எனக்கு என்ன குடுத்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். கேமராவைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில், கத்தாமல் கேட்டார். "ஏங்க... உங்களுக்குக் கேக்குதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதுவரை ஓயாமல் மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு அடங்கியிருந்தது. ஊரில் ஒருவரும் போனைத் தொடவில்லை. தாடி சாரும் அதிகாரியும்கூட அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு ஒரு தரம் மினுக்கியது. இன்னொன்று வருமோ என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

தன் அழுகை ஊருக்குக் கேட்டுவிடாமல், அக்கா மைக்கை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டார்.