ஒன்பது நிமிடத்துக்கு நான்கு எல்லை

பேகம்பூரில் நஸீரா வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து வர ஒன்பது நிமிடம் ஆகும். எட்டும் ஆகாது, பத்தும் ஆகாது. காலையில் மகள் பர்ஹானாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள். உள்ளே விசிறி ஒருமுறை இருமும். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடியும் வரை அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வேலைக்கும் கூப்பிடுவதில்லை. மதியம் திறக்கும் பிரியாணிக் கடைக்காக அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் கணவர் மன்சூர் மட்டும், வெளியூர் விருந்தாளியை விசாரிப்பதுபோல, “வந்துருச்சா?” என்று ஒரு குரல் கொடுப்பார். “இன்னும் வரலைங்க” என்பாள்.

நஸீரா பன்னிரண்டு வருடமாகப் பத்திரம் டைப் அடிக்கிறாள். பத்திர எழுத்தர் ராயப்பராஜ் கையால் எழுதி அனுப்பும் தாளைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு நிலத்தைச் சொல்லும் விதமே தனி. நிலம் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை இருக்காது, சுற்றி என்ன இருக்கிறது என்றுதான் இருக்கும். பாண்டியராஜ் தென்னந்தோப்புக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, முத்துப்பேச்சி புஞ்சைக்கு வடக்கு. நடுவில் இருப்பதை நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நஸீரா நினைத்துக்கொண்டாள். புள்ளிகள் சுற்றும் அந்த ஒன்பது நிமிடத்துக்கு, முந்தின நாள் அடித்த பத்திரத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வாள். சாணார்பட்டிப் பக்கமோ, கீரனூர்ப் பக்கமோ, அவள் கால் வைத்தே இராத ஏதோ ஒரு காடு. “போக வர மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்” என்று அவள் கையாலேயே அடித்திருப்பதால், அந்தப் பாதையில் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓடை மணல் காலில் ஒட்டும். தென்னந்தோப்பின் நிழல் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்து கிடக்கும், அதற்குப் பத்திரத்தில் இடம் கிடையாது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று அடித்திருந்தால், மற்ற மூன்று பங்குக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் தன் கால் பங்கு விளிம்பில் மட்டும் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். தவளை ஒன்று எந்தப் பங்கு என்று பார்க்காமல் நீந்தும். அந்த நேரத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் அந்த ஒன்பது நிமிடத்தால் வினை வந்தது. கடைசி நேரத்தில் ஒரு திருத்தம். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் ரிஜிஸ்தர் ஆபீசில் டோக்கன் தாண்டிவிட்டது. கீரனூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

ராயப்பராஜ் நேரிலேயே வந்துவிட்டார். “தங்கச்சி, ஒன் டைப்புல இதுவரைக்கும் ஒரு பிழை பாத்ததில்ல. ஆனா இது எந்திரிக்கிறதுக்குள்ள எனக்குப் பொழப்பு போயிரும் போலிருக்கே. வித்துட்டு வேற வாங்கு, இல்ல இதயாவது சரி பண்ணு. மறுக்கா இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாக்கணும்மா.”

மன்சூருக்கு அதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. “வித்துப்புட்டு லேப்டாப் வாங்கிருவோம். அடுப்படியில உக்காந்துகிட்டே அடிக்கலாம். குழம்பு கொதிக்கும்போதே ஒரு பத்திரம் முடிஞ்சிரும்ல?”

நல்ல மனதோடுதான் சொன்னார். நஸீரா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விற்றால் மேஜையும் ஜன்னலும் சேர்ந்து போகும். விற்காமல் சரி செய்தால் மேஜை இருக்கும், நிமிடம் போகும். காடு சுற்றப் போக முடியாதே என்று புருஷனிடம் எப்படிச் சொல்வது? பைத்தியம் என்றுதான் நினைப்பார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மேஜையாவது மிஞ்சட்டும் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் விக்னேஷ்குமாரை வரச் சொன்னாள்.

அவன் வருவதற்காகக் காத்திருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. திரையில் அடித்தாள்: ‘பள்ளிக்கூட வேனுக்குக் கிழக்கு, ராயப்பராஜ் அண்ணன் தாளுக்கு மேற்கு, அடுப்படிக்குத் தெற்கு, துணி துவைக்கும் கல்லுக்கு வடக்கு. இதற்குட்பட்ட நஸீராவின் ஒன்பது நிமிடம்.’ வாசலில் பைக் சத்தம் கேட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தால், கையில் டீயோடு மன்சூர் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். பதறிப் போய் அதை மூடினாள். அவர் டீயை வைத்துவிட்டு, வெங்காயம் விலை ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அக்கா, பழைய ஹார்டு டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமும் கூட்டிட்டோம்னா, பட்டனத் தொட்டதும் வந்துரும்” என்றான் விக்னேஷ்குமார்.

“செத்த மெதுவா வர்ற மாதிரி போட முடியாதாப்பா?”

அக்கா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

சொன்னபடியே ஆயிற்று. பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கம்ப்யூட்டர் வந்து நின்றது. மன்சூர் அந்த வாரம் ஏனோ “வந்துருச்சா?” என்று கேட்கவே இல்லை. ராயப்பராஜுக்குச் சந்தோஷம், கூடுதலாகத் தாள் அனுப்பினார். எட்டாம் நாள் ஒரு பத்திரத்தில், கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று அடித்தாள். வெறும் கால் பங்காகத்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. நஸீராவுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை வேனை அனுப்பிவிட்டு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு டோக்கன் பன்னிரண்டு மணிக்குத்தான். பொத்தானைத் தொடவில்லை.

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. “வந்துருச்சா?”

“இன்னும் வரலைங்க” என்றாள். அவளையும் அறியாமல் வந்துவிட்டது.

மன்சூர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விளக்கு எரியாத பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நஸீரா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து மேஜையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. ராயப்பராஜ். மன்சூர்தான் எடுத்தார்.

“அண்ணே, கம்ப்யூட்டர் இன்னும் வரலண்ணே. ஒம்போது நிமிஷம் ஆகும்.”

“புது சாமான் போட்டுமாப்பா?” என்று ராயப்பராஜின் குரல் வெளியே கேட்டது.

“புதுசாச்சேண்ணே, எடம் பழகணும்ல” என்றார் மன்சூர். போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பினார்.

நஸீரா வண்டிப்பாதையில் இறங்கி நடந்தாள்.