தாமதமாக வந்த கன்னம்

கிம்ச்சிக் கடை மல்சுன் அக்கா முகக்கவசத்தின் அடிப்பக்கத்தைச் சுண்டுவிரலால் தூக்கி, மிளகாய் விழுதில் ஊறிய முள்ளங்கி கிம்ச்சியில் ஒரு துண்டை உள்ளே தள்ளிவிட்டு, உடனே இழுத்து மூடிக்கொள்கிறார். மெல்லுவதுகூடத் திரைக்குப் பின்னால்தான். கொரோனா போய் எவ்வளவோ காலமாயிற்று. மங்வொன் சந்தையில் இவர் மட்டும் இன்னும் கழற்றவில்லை.

காரணத்தைச் சந்தையே கண்டுபிடித்துவிட்டது. புருஷன் செத்த பிறகு அக்காவின் கன்னம் உப்பிப் பளபளக்கிறதாம், மீன்கடைக்காரரோடு தொடர்பாம். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் கணவர் படத்தின் முன் இவர் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது, நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி, "போனவன் பங்குச் சோத்தையும் இவளே சாப்பிடுறா போல" என்றாளாம்.

கதை எழுதுகிறவன் நான்; வதந்தி என்றால் எனக்குப் பசி எடுக்கும். கிம்ச்சி வாங்கும் சாக்கில் போய், மீன்கடைக்காரரைப் பற்றி மெதுவாகப் பேச்சை இழுத்தேன்.

"அந்த ஆளுகிட்ட மீன் வாங்கவே மூக்கப் பொத்திக்கணும் தம்பி" என்றார் அக்கா. அப்புறம் அக்கம்பக்கம் பார்த்தார். "நீ தமிழ்லதானே எழுதுற? அப்ப சொல்றேன். இங்க எவளும் படிக்க மாட்டா."

கணவர் உயிரோடு இருந்தபோது நடந்த மகள் கல்யாணம். இங்கே மணமக்களின் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து மேடையேறி மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். சம்பந்தியம்மாளின் பக்கத்தில் தன் ஒட்டிய கன்னம் படத்தில் விழுமே என்று பயந்து, ஒரு வாரம் முன்பு கிளினிக்கில் கன்னத்தை நிரப்பும் கொலாஜன் ஊசி போட்டுக்கொண்டார். ஏதோ தூளைத் தண்ணீரில் கரைத்துத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். அன்றைக்கு முகம் முழுநிலா. அது வெறும் தண்ணீர். இரண்டு நாளில் வற்றிவிட்டது. தூள் தூண்டித் தோலே கொலாஜன் சுரந்து நிரம்ப மாதங்கள் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னது, கண்ணாடியில் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் ஏறவில்லை.

மேடையில் அதே ஒட்டிய கன்னம். "ஊசி போட்ட மூஞ்சிய நான் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவேன்" என்று சம்பந்தியம்மாள் பெருமையடிக்க, தண்ணீரைத் தவிர தன் முகத்தில் எதுவும் பட்டதில்லை என்று இவர் சொல்லிவைத்தார். மூன்று ஊசிக்கும் சேர்த்துப் பணம் கட்டியதாயிற்றே என்று அப்புறம் இரண்டாவதையும் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே கணவர் மாரடைப்பில் போனார். இவர் அழ அழ, கன்னம் நிரம்பிக்கொண்டே வந்தது.

உண்மையைச் சொன்னால் மகளின் மாமியாரிடம் பொய்க்காரி. சொல்லாவிட்டாலோ, "அம்மா, யாராச்சும் இருக்காங்களா? இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிரு" என்று மகளே போனில் கேட்கிறாள்.

இதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை, முள்ளங்கியிடம்தான் பேசினார். "நெசமாவே ஆளு இருந்திருந்தாக்கூட இவ்ளோ வெக்கமா இருக்காது. அவர் போனப்புறம் ஒரு நாள் கண்ணாடி பாத்தேன் தம்பி. நல்லாருக்கேன்னு தோணிச்சு."

போன் அடித்தது. கையுறையெல்லாம் மிளகாய் விழுது. போனை மேசையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார். கிளினிக் பெண். மூன்றாவது ஊசி பாக்கியிருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன்.

"இப்ப முடியாதும்மா." குரல் இறங்கியது. "ஆனா என் கணக்குலயே இருக்கட்டும். எடுத்துராதீங்க."

பேச்சு முடிந்ததும் போன் திரையில் வைத்திருந்த படத்தில் கணவர் சிரித்தார். கிம்ச்சிக்காகக் கழுவி அடுக்கியிருந்த அகன்ற எள்ளிலைகளிலிருந்து ஒன்றை எடுத்து, அக்கா அவர் முகத்தின்மேல் வைத்தார்.