கேஸ்கெட்டின் மேல்பக்கம்

என் சித்திக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'தலைகீழ்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவள் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தால், "டேய், தலைகீழ் வருது, ஸ்பேனர நேரா பிடிங்கடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கேட்ட சாமான் கைக்கு வரும்வரை அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவள் நிற்க வேண்டும். ஒன்பது வருடம் அப்படி நின்றாள்.

பெயர் வரக் காரணம் என் பெரியப்பா. அம்மாவின் அக்காள் கணவர், சித்திக்கு அத்தான். அவருடைய பணிமனையில் சித்தி பதினோரு வருடம் எஞ்சின் வேலை பார்த்தாள். ஒருநாள் மருந்துக்கடைக்காரரின் பழைய கார் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் மேல் பழுப்பாய், கொழகொழவென்று எண்ணெய். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எஞ்சின் எண்ணெயில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எண்ணெய் தண்ணிக்குள்ள போகுது, தண்ணி எண்ணெய்க்குள்ள வரல. ஆயில் கூலர்தான் அத்தான்" என்றாள் சித்தி.

ஆயில் கூலர் என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. அதற்குள் ஒரு பக்கம் சூடான எண்ணெய், மறுபக்கம் கூலன்ட், நடுவில் மெல்லிய தகடு. தகட்டில் விரிசல் விட்டால், எஞ்சின் ஓடும்போது அழுத்தம் கூடிய எண்ணெய்தான் நீருக்குள் பாயும். சித்தி சொன்னதில் பிழையே இல்லை. சொன்ன இடம்தான் பிழை. மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. கழட்டு" என்றார் பெரியப்பா.

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கும் தகடு அது. எண்ணெய்க்கு, நீருக்கு என்று தனித்தனித் துளைகள் உண்டு. புரட்டி வைத்தால் எல்லாம் இடம் மாறிப்போகும். அதற்காகவே மேல்பக்கத்தில் எழுத்துப் பொறித்திருப்பார்கள். சித்தி புதுத் தகட்டை வைத்து மூடிய அன்று அவள் மகளுக்குக் காய்ச்சல். பள்ளியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது.

மூன்றாம் நாள் ரேடியேட்டரில் மறுபடி எண்ணெய். மருந்துக்கடைக்காரர் தெருவே கேட்கக் கத்தினார். பெரியப்பா அவரைவிட உரக்கப் பேசினார்: "கேஸ்கெட்ட தலைகீழா வச்சிருக்கா சார். புத்தி வீட்ல இருந்தா கை எங்க இருக்கும்? பொம்பளைய நம்பி எஞ்சினக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

"பிரிச்சுப் பாருங்க அத்தான்."

"கெடுத்தது போதும். இன்னும் பிரிக்கணுமா?"

பிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வெறுத்துப்போய் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், வீட்டுக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டார். சித்தி அன்று மாலையே வெளியே வந்தாள். பிறகு எந்தப் பணிமனையும் அவளை எஞ்சின் பக்கம் விடவில்லை. வீட்டுப் பின்புறத்தில் தகரம் வேய்ந்து ஸ்கூட்டர்களும் தண்ணீர் மோட்டார்களும் பழுது பார்த்தாள்.

'நான் நேராத்தான் வச்சேன்' என்று எல்லோரிடமும் சொல்வாள். எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்த நான் போன் செய்யும்போது என்னிடம் மட்டும் வேறு மாதிரி கேட்பாள்: "ஏண்டி, கை ஒரு வேலையப் பண்ணிட்டு மனசுக்குத் தெரியாம இருக்குமா?" அன்று எழுத்தைப் பார்த்ததாக அவளுக்கு நினைவு. இரண்டாவது போனுக்குப் பிறகு பார்த்ததாக நினைவில்லை. பெரியப்பா அவள் வேலையைப் பறித்தது ஒரு பங்கு. அவள் கைமேல் அவளுக்கே சந்தேகம் வரவைத்தது ஒன்பது பங்கு.

நான் ஊர் திரும்பிச் சித்தி வீட்டில் தங்கிய மாதம், மருந்துக்கடைக்காரர் கொட்டகையைக் காலி செய்தார். செய்தி காதில் விழுந்த அரைமணி நேரத்தில் சித்தி அங்கே நின்றாள். அன்று மாலை அந்தக் கார், நான்கு சக்கரமும் காற்றில்லாமல், எங்கள் பின்வாசலில் கிடந்தது.

முதலில் ஆயில் கூலரைக் கழற்றினாள். எண்ணெய்ப் பக்கத்தில் ஒரு துளையை அடைத்து, மறு துளையில் காற்றுக் குழாயைச் செருகி, வாளி நீரில் அமிழ்த்தினாள். கூலன்ட் போகும் வாயிலிருந்து பொலபொலவென்று குமிழிகள் வந்தன.

"ஜெயிச்சாச்சு சித்தி!"

"கூலர் ஓட்டைன்னா கூலர் ஓட்டை. அவ்வளவுதான். கேஸ்கெட் நேரா இருந்துச்சுன்னு ஆயிடுமா?"

"அப்ப ஹெட்டையும் தெறந்து பாத்துடுவோம். நம்ம ரெண்டு பேர் மட்டும்."

"தெறந்துட்டா, நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்வாரு. அவரு எதிர்லதான் தெறக்கணும்."

"தலைகீழா இருந்துட்டா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

"இருந்துட்டா அதையும் எல்லாரோடயும் சேந்து பாக்கறேன்."

அம்மா சித்தியிடம் போனில் அழுதாள். "குடும்பத்துக்குள்ள எதுக்குடி இதெல்லாம்?"

"அவரு சொன்னப்ப குடும்பத்துக்குள்ளயா சொன்னாரு? தெருவுல நின்னு சொன்னாருக்கா."

பெரியப்பாவை வரவழைப்பது சுலபமாக இருந்தது. சித்தி உதிரிபாகக் கடையில் நின்று, "அத்தான் வரமாட்டாரு, பயம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நான்கு மெக்கானிக்குகளோடு வந்து இறங்கினார். உதிரிபாகக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். மருந்துக்கடைக்காரரைச் சித்தியே அழைத்திருந்தாள்.

"என்னம்மா, பொதச்ச பொணத்தத் தோண்டி எடுத்திருக்க?" என்றார் பெரியப்பா. உடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"எப்படிச் செத்துச்சுன்னு பாக்கணும்ல, அத்தான்? கொன்னவங்க பக்கத்துல இருந்தா நல்லது."

சிரிப்பு நின்றது. சித்தி, சுற்றியிருந்த குழாய்களையும் பெல்ட்டையும் முன்பே கழற்றி வைத்திருந்தாள். தலையை இறுக்கும் பத்து போல்ட்டுகள் இருக்கும் மேல்மூடியை மட்டும் தொடவில்லை. ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கழட்டுங்க. நான் தொட்டா பேச்சு வரும்."

"கொட்டகைக்கு என் பூட்டு, என் சாவி. ஒன்பது வருஷமா ஒருத்தன் தொடல" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பெரியப்பா மூடியைத் திறந்தார். பத்து போல்ட்டுகளின் மேலும் பழைய எண்ணெய் பிசின் போல் கெட்டித்திருந்தது. அவை இடையில் அசைக்கப்படவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. முதல் போல்ட் 'டக்'கென்று இளகியது. பத்தாவதை அவர் கழற்றும்போது அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

இரண்டு பேர் எஞ்சின் தலையைத் தூக்கினார்கள். எல்லோரும் குனிந்தோம். சித்தி குனியவில்லை. அவள் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டில் என்ன இருக்கிறது என்று அந்த முகத்தில்தான் படித்தாள்.

"எழுத்து மேலதாண்டா இருக்கு" என்றார் கடைக்காரர். "நேரா இருக்கு. அச்சு மாதிரி நேரா இருக்கு."

சித்தி ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான். வாளியையும் ஆயில் கூலரையும் காலால் நகர்த்தி அவர் முன் வைத்தாள். மறுபடி காற்றை விட்டாள். குமிழிகள் வந்தன. யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி விடு" என்றார் பெரியப்பா. "அன்னிக்கு வாய் தவறி ஒரு வார்த்தை..."

"என்ன வார்த்தை?"

"அதான்... தப்பாச் சொல்லிட்டேன்."

"யாரு தப்பு?"

"எந்தப்பு."

"கேக்கல அத்தான்."

"எந்தப்பும்மா!" அந்தக் குரல் அன்று தெருவில் கேட்ட அளவுக்கு இருந்தது. "மன்னிச்சிடு. காலையே பிடிக்கணுமா?"

"வேண்டாம். கை போதும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, தலைய மூடணும். நான் சொல்றேன், நீங்க முறுக்குங்க."

அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கேட்டவர்கள் ஆறு பேர். வராவிட்டால் 'பயம்' என்ற வார்த்தை மறுபடி கடைவீதியில் நடக்கும். பத்து மணிக்கு வந்தார். நேற்று வந்த மெக்கானிக்குகளும் வேலையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

சித்தி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில் ஒவ்வொரு போல்ட்டாகச் சொன்னாள். பெரியப்பா குனிந்து முறுக்கினார். பத்தும் முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தாள்.

"கழட்டுங்க. மறுபடி."

மறுபடி முறுக்கினார். ஒன்றிலும் குறையில்லை, நாற்பது வருடக் கை அது.

"கழட்டுங்க."

புதுக் கேஸ்கெட்டும் புதுப் போல்ட்டுகளும் என் பக்கத்தில் பெட்டி பிரிக்காமல் இருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் பழைய தகடு, பழைய போல்ட்டுகள். எத்தனை முறை முறுக்கினாலும் கடைசியில் கழற்றி எறியத்தான் வேண்டும். சுவரோரம் இருந்தவர்களுக்கு அது தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும். அந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"போதுமாம்மா?"

"உங்களுக்குப் பத்து போல்ட்டு, அத்தான். எனக்கு ஒன்பது வருஷம்" என்றாள் சித்தி, முக்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு. "நடுவுல இருந்து ஆரம்பிங்க."